இராசகோபாலாச்சாரியின் மதுவிலக்குப் பணி

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர், அரசியல்வாதி ஆவார். இராஜாஜி என்றும், சி. ஆர். என்றும் பரவலாக அறியப்பட்ட இவர், சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும், இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் பதவி வகித்தவர். இவர் தமது பொதுவாழ்வில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தொடர்ந்து ஈடுபட்ட பணி மதுவிலக்கு ஆகும். 1937-இல் சேலம் மாவட்டத்தில் இவரது அரசு நடைமுறைப்படுத்திய மதுவிலக்கு, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவடைந்து 1971 வரை நீடித்தது. இக்கட்டுரை அவரது வாழ்க்கையை மதுவிலக்குப் பணியை மையமாகக் கொண்டு விவரிக்கின்றது.

பிறப்பும் கல்வியும்

இராசகோபாலாச்சாரி அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை வெங்கடார்யா அவ்வூரின் முன்சீப்பாகப் பணியாற்றியவர், தாயார் சிங்காரம்மா. ஓசூரில் பள்ளிக்கல்வி பயின்ற இவர், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் இளங்கலைப் பட்டமும், பின்னர் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றார். 1897-இல் அலமேலு மங்கம்மாளை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர். மனைவி இளம் வயதிலேயே காலமானார். இராசகோபாலாச்சாரி மறுமணம் செய்து கொள்ளவில்லை.

சேலத்தில்

1900-இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய இராசகோபாலாச்சாரி, சில ஆண்டுகளிலேயே நல்ல வருமானம் ஈட்டும் வழக்கறிஞராக உயர்ந்தார். 1911-இல் சேலம் நகரவை உறுப்பினராகவும், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகவும் பணியாற்றினார். தீண்டாமைக்கு எதிராக அவர் எடுத்த நடவடிக்கைகள் நகரத்து வைதிகரிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன. அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1916-இல் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்குவதற்கான சங்கம் ஒன்றை நண்பர் வெங்கடசுப்பையாவுடன் இணைந்து தொடங்கினார்.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் கள், சாராய விற்பனை 1886-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின் கீழ் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. கடை நடத்தும் உரிமை ஏலம் விடப்பட்டது. கள் இறக்கும் மரங்களுக்கு வரி வசூலிக்கப்பட்டது. அதிக விலைக்கு ஏலம் எடுத்தவர், அந்தத் தொகையை மீட்க அதிகமாக விற்றாக வேண்டும் என்பதே இம்முறையின் இயல்பு. ஆப்காரி வருவாய் மாகாண அரசின் மொத்த வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசு செலவிட்ட பணத்தின் பெரும்பகுதி, குடிப்பவர்களில் மிக ஏழைகளான உழவுத் தொழிலாளர்களிடமிருந்தும் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்தும் வந்தது. மதுவிலக்கைப் பற்றிய இராசகோபாலாச்சாரியின் வாதங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கின.

ஒத்துழையாமை இயக்கமும் கள்ளுக்கடை மறியலும்

1919-இல் காந்தி சென்னைக்கு வந்தபோது இராசகோபாலாச்சாரியின் இல்லத்தில் தங்கினார். இச்சந்திப்புக்குப் பின் இராசகோபாலாச்சாரி காந்தியின் நெருங்கிய தோழர்களுள் ஒருவரானார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். கள்ளுக்கடை மறியல் அவ்வியக்கத்தின் முக்கிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இருந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி தமது தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டச் செய்ததும், அவரது மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தியதும் இக்காலத்து நிகழ்வுகள் ஆகும்.

1921 டிசம்பரில் கைது செய்யப்பட்ட இராசகோபாலாச்சாரி மூன்று மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

புதுப்பாளையம் காந்தி ஆசிரமம்

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் இராசகோபாலாச்சாரி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். ஆசிரமத்தைப் பெரியார் ஈ. வெ. இராமசாமி திறந்து வைத்தார். பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர் நிலையில் நின்ற இருவரும் இறுதிவரை தனிப்பட்ட நட்பைப் பேணியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மழை குறைந்த, வறட்சி மிகுந்த அப்பகுதியில் கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் முதன்மைப் பணிகளாக இருந்தன. நகர வாழ்க்கையை விட்டு, சிறிய குடில் ஒன்றில் தம் பிள்ளைகளுடன் இராசகோபாலாச்சாரி வாழ்ந்தார். நூற்ற நூலுக்குக் கூலி பெற வந்த பெண்கள் வழியாகக் குடும்பங்களின் நிலை ஆசிரமத்தாருக்குத் தெரிய வந்தது. கூலி வீட்டுக்கு வருவதும் கடைக்குப் போவதும், கடனும் அடியுதையும் பட்டினியும் அவர்களின் அன்றாடமாக இருந்தன. ஆசிரமத் தொண்டர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு நடந்து சென்று, குடிப்பவர்களோடும் அவர்களது குடும்பத்தாரோடும் பேசிக் குடியை விடும்படி வேண்டினர். சட்டத்தின் துணை இல்லாத இக்காலத்தில், நேரில் பேசி மனத்தை மாற்றுவது ஒன்றே அவர்களிடம் இருந்த வழியாகும்.

விமோசனம் இதழ்

மதுவிலக்குக்காகவே விமோசனம் என்னும் தமிழ் மாத இதழை இராசகோபாலாச்சாரி 1929-இல் ஆசிரமத்திலிருந்து தொடங்கினார். இதழின் துணையாசிரியராகப் பணியாற்றியவர், பின்னாளில் கல்கி என்ற பெயரில் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். திரு. வி. கலியாணசுந்தரனாரின் நவசக்தி இதழில் பணியாற்றிய பின் கல்கி ஆசிரமத்தில் சேர்ந்திருந்தார். கதை, கட்டுரை, படம் என அனைத்தும் குடியின் கேட்டை விளக்குவதாக அமைந்த இவ்விதழ், பத்து இதழ்களுடன் நின்றது. எழுத்தறிவு குறைவாக இருந்த காலத்தில், ஒருவர் படிக்கப் பலர் கேட்கக்கூடிய எளிய நடையில் எழுத வேண்டிய தேவை இருவரது உரைநடையிலும் தாக்கத்தை ஏற்படுத்தியது எனலாம்.

இதே காலத்தில் இந்திய மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளராகவும் இராசகோபாலாச்சாரி பணியாற்றினார். மதுவிலக்குப் பற்றிய ஆங்கில இதழ் ஒன்றையும் நடத்தினார். தொண்டர்களுக்கான வழிகாட்டி நூலாக இந்திய மதுவிலக்குக் கையேடு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி 1931-இல் வெளியிட்டார்.

உப்புச் சத்தியாகிரகமும் மறியலும்

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் புறப்பட்ட இராசகோபாலாச்சாரி, ஏப்ரல் இறுதியில் வேதாரண்யத்தை அடைந்து உப்பெடுத்துக் கைதானார். 1931 மார்ச்சு மாதத்தில் ஏற்பட்ட காந்தி-இர்வின் உடன்பாடு, அமைதியான முறையில் கடை மறியல் செய்வதை அனுமதித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் கள்ளுக்கடை மறியலை ஒழுங்குபடுத்தும் பணியில் அவர் ஈடுபட்டார்.

1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்

1937 தேர்தலில் காங்கிரசு வெற்றி பெற்றதை அடுத்து, அவ்வாண்டு சூலையில் இராசகோபாலாச்சாரி சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அன்று மாகாண அரசின் தலைவர் இவ்வாறே அழைக்கப்பட்டார்). பதவியேற்ற மூன்று மாதங்களுக்குள் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. மது தயாரித்தல், விற்றல், வைத்திருத்தல், அருந்துதல் ஆகிய அனைத்தையும் அச்சட்டம் குற்றமாக்கியது. மருத்துவத் தேவைக்கான விலக்குகள் இருந்தன.

மாகாணம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்தாமல், ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பின் விரிவாக்குவது என்பது அரசின் திட்டமாக இருந்தது. சேலம் அவரது சொந்த மாவட்டம். பன்னிரண்டு ஆண்டுக்கால ஆசிரமப் பணியின் தொண்டர்களும் அங்கு இருந்தனர். 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களிலும், 1939-இல் வட ஆற்காடு மாவட்டத்திலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

தடையோடு நில்லாமல், குடியிருந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதியாக இருந்தது. மாலை நேரங்களில் விளையாட்டும் பசனையும் நடத்தப்பட்டன. மரமேறிகளுக்குச் சுண்ணாம்பு பூசிய கலயங்களில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமம் வழங்கப்பட்டது. கலயத்தில் பூசப்படும் சுண்ணாம்பு பதநீர் புளித்துக் கள்ளாவதைத் தடுக்கும். 1938-இல் நிறைவேற்றப்பட்ட உழவர் கடன் நிவாரணச் சட்டமும் இதே நாட்டுப்புறக் குடும்பங்களை மனத்திற்கொண்டதாகும். சேலத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையினர் ஆராய்ந்தனர். ஒரு சமூகச் சட்டத்தின் விளைவைக் குடும்பங்களின் வரவு செலவைக் கொண்டு அளக்க முயன்ற தொடக்ககால இந்திய ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

வருவாய் இழப்பும் விற்பனை வரியும்

மதுவிலக்கு விரிவடைய விரிவடைய அரசின் வருவாய் குறைந்தது. இதனை ஈடுகட்ட 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பெரும்பாலான பொருள்கள் மீது விதிக்கப்பட்ட முதல் பொது விற்பனை வரி இதுவாகும். வணிகர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். குடிப்பவர்களிடமிருந்து மட்டும் பெற்று வந்த வருவாயை, பொருள் வாங்கும் அனைவரிடமிருந்தும் சிறு விகிதத்தில் பெறுவதே இவ்வரியின் அடிப்படை ஆகும். பின்னர் பிற மாகாணங்களும் இதனைப் பின்பற்றின. விற்பனை வரி நீண்ட காலம் இந்திய மாநிலங்களின் முதன்மையான வருவாயாக விளங்கியது. மதுவிலக்கின் பொருட்டுப் பிறந்த வரி, மதுவிலக்கு நீங்கிய பின்னும் நீடித்தது.

விமர்சனங்கள்

மதுவிலக்கு தொடக்கம் முதலே பலதரப்பட்ட விமர்சனங்களுக்கு உள்ளானது. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

* வாழ்வாதாரம்: பனையும் தென்னையும் ஏறிக் கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்ட பல்லாயிரம் குடும்பங்கள் வருவாயை இழந்தன. பதநீரும் வெல்லமும் ஆண்டின் சில மாதங்களுக்கே வேலை தந்தன, வருமானமும் குறைவு.

* கள்ளச்சாராயம்: மறைவாகக் காய்ச்சுவது எங்கும் எழுந்தது. காவல்துறையினரின் பெரும்பகுதி நேரம் இதற்குச் செலவானது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் மது தடையின்றிக் கிடைத்ததால் எல்லை வழியே கடத்தலும் நடந்தது.

* தனிமனித உரிமை: வயது வந்தவர் எதை அருந்தலாம் என்பதை அரசு முடிவு செய்யலாமா என்ற வினா எழுப்பப்பட்டது. அமெரிக்காவில் 1920-இல் தொடங்கிய மதுவிலக்கு 1933-இல் கைவிடப்பட்டதை எதிர்ப்பாளர்கள் சான்றாகக் காட்டினர்.

இராசகோபாலாச்சாரி இவற்றை அறியாதவர் அல்லர். அமெரிக்காவில் குடி சமூகத்தால் ஏற்கப்பட்ட பழக்கம் என்றும், இந்தியாவில் பெரும்பான்மையினர் குடிக்காதவர்கள் என்பதோடு குடியைத் தவறெனக் கருதுபவர்கள் என்றும், ஆகவே இங்கு சட்டம் மக்கள் மனத்தோடு இயைந்து செல்லும் என்றும் அவர் வாதிட்டார். கூலி பெற்றுத் திரும்பும் ஒருவன் நடக்கும் வழியிலேயே கடை இருக்கும்போது, அவனை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது என்பது அவரது நிலைப்பாடு. காரணம் குடிப்பவனின் மனவலிமைக் குறைவு மட்டுமன்று, அரசு ஏலம் விட்ட கடையும் ஆகும் என்ற இப்பார்வை, மது எளிதில் கிடைப்பதைக் குறைப்பதே பயன் தரும் வழிகளுள் ஒன்று எனக் கூறும் இன்றைய பொதுநல மருத்துவத்தோடு ஒத்துள்ளது.

அவரது முதல் ஆட்சிக்காலம் மதுவிலக்கால் மட்டும் நினைவுகூரப்படுவதன்று. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், அதனை எதிர்த்த போராட்டத்தில் கைதாகிய நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைக்காவலில் இறந்ததும் அவர்மீது நீங்காத விமர்சனமாக நிலைத்தன.

மாநிலம் முழுவதும் மதுவிலக்கு

இரண்டாம் உலகப்போரில் இந்தியாவை மக்கள் கருத்தறியாமல் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் இராசகோபாலாச்சாரியின் அமைச்சரவை பதவி விலகியது. பின்னர் நடைபெற்ற ஆளுநர் ஆட்சியில், போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. விற்பனை வரி தொடர்ந்தது.

1946-இல் காங்கிரசு மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் மதுவிலக்கு படிப்படியாக மீட்கப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 அன்று அது மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. விக்கிரமங்கலம் உள்ளிட்ட இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பகுதிகள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. சேலத்துக்கு அண்டையில் இருந்தும், இராசகோபாலாச்சாரியின் முதல் ஆட்சிக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வரவில்லை. மரமேறும் தொழிலாளர்களுக்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் இக்காலத்தில் பல ஊர்களில் அமைக்கப்பட்டன.

மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இராசகோபாலாச்சாரி தில்லியில், சுதந்திர இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். 1948 சூன் முதல் 1950 சனவரி 26 வரை அப்பதவியை வகித்த அவர், அப்பதவியிலிருந்த ஒரே இந்தியரும் கடைசியானவரும் ஆவார். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 47-ஆம் உறுப்பு, உடல்நலத்துக்குக் கேடு விளைக்கும் மதுவையும் போதைப்பொருள்களையும் மருத்துவத் தேவைக்கன்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என நெறிப்படுத்துகின்றது. ஊட்டச்சத்தையும் பொதுநலத்தையும் உயர்த்துவது பற்றிக் கூறும் அதே உறுப்பில் மதுவிலக்கும் இடம்பெற்றுள்ளது.

1952 ஏப்ரல் முதல் 1954 ஏப்ரல் வரை இராசகோபாலாச்சாரி சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். 1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், குலக்கல்வித் திட்டம் எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டு, அவரது பதவி விலகலுக்கு வழிவகுத்தது. 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பொருளாதாரத்தில் அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்த அக்கட்சியின் தலைவர், மதுவில் மட்டும் அரசின் தடையை இறுதிவரை ஆதரித்தது ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டும் முரண்பாடாகும். அவரைப் பொறுத்தவரை பழக்கத்துக்கு அடிமைப்பட்டவன் முன்பே தன் உரிமையை இழந்தவன். அவனைக் காப்பது உரிமைக்கு முரணானதன்று.

1971: மதுவிலக்கின் நீக்கம்

1967 சட்டமன்றத் தேர்தலில் இராசகோபாலாச்சாரி திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்தார். முதலமைச்சரான கா. ந. அண்ணாதுரை 1969-இல் மறையும் வரை மதுவிலக்கை நீக்கவில்லை. இதற்கிடையே அண்டை மாநிலங்கள் மதுவிலக்கைக் கைவிட்டிருந்தன. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு நடுவண் அரசு நிதியுதவி அளிக்க முன்வந்தபோது, ஏற்கனவே நடைமுறைப்படுத்திவரும் தமிழ்நாட்டுக்கு அவ்வுதவி மறுக்கப்பட்டது. இதனையும் நிதி நெருக்கடியையும் காரணமாகக் கூறி, முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கை நிறுத்திவைக்க முடிவு செய்தது.

1971 தேர்தலில் இராசகோபாலாச்சாரி எதிரணியில் இருந்தவர். ஆயினும் தமது 92-ஆம் வயதில், மழையையும் பொருட்படுத்தாது கருணாநிதியின் இல்லத்துக்கு நேரில் சென்று, மதுவிலக்கை நீக்க வேண்டாம் என வேண்டினார். முடிவு மாறவில்லை. 1971 ஆகத்து 30 அன்று மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. சேலத்தில் தொடங்கி ஏறத்தாழ 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1948-க்குப் பின் வளர்ந்த ஒரு தலைமுறை முதன்முறையாகத் தம் ஊரில் கடையைக் கண்டது.

மறைவு

1972 டிசம்பரில் உடல்நலம் குன்றிச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இராசகோபாலாச்சாரி, டிசம்பர் 25 அன்று காலமானார். 1974-இல் அதே அரசு மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்ததை அவர் காணவில்லை. 1981-இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாசுமாக்) தொடங்கப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் வசமானது. ஏலம் எடுத்தவரின் கடை இருந்த இடத்தில் அரசின் கடையே வந்தது.

படைப்புகளில்

இராசகோபாலாச்சாரியின் சிறுகதைகள் பலவற்றில் குடி முக்கியக் கருப்பொருளாக உள்ளது. குடியால் கடனில் மூழ்கிச் சிதையும் உழவர் குடும்பத்தைப் பற்றிய அவரது திக்கற்ற பார்வதி என்னும் கதை, 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் அதே பெயரில் திரைப்படமானது. சிறீகாந்தும் லட்சுமியும் நடித்த இப்படத்துக்கு வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். படப்பிடிப்பு இராசகோபாலாச்சாரி பிறந்த தொரப்பள்ளியில் நடைபெற்றது. அவரது இராமாயண நூலான சக்கரவர்த்தித் திருமகன் 1958-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது.

சட்டமும் மருத்துவமும்

இராசகோபாலாச்சாரியின் பணியில் இரண்டு கட்டங்களைக் காணலாம். ஆசிரமக் காலத்தில் குடிப்பவரிடம் நேரில் பேசி மனத்தை மாற்றும் முயற்சி முதன்மையாக இருந்தது. ஆட்சிக் காலத்தில் சட்டம் முதன்மையானது. குடிநோயாளியை நோயாளியாகக் கருதி மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சையளிக்கும் அமைப்பு அன்று தமிழ்நாட்டில் பெரிதும் இல்லை. குடியை ஒரு நோயாகக் கருதி, மருத்துவர் நோயாளியின் நம்பிக்கையைப் பெற்றுப் பேச வேண்டும் என்ற கருத்தை இசுக்காட்லாந்தைச் சேர்ந்த கடற்படை மருத்துவர் தாமசு திராட்டர் 1804-லேயே நூலாக எழுதியிருந்தார். ஆயினும் அது உலகெங்கும் பொது மருத்துவ நடைமுறையாக ஆவதற்கு நெடுங்காலம் பிடித்தது. சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் 1980-இல் தொடங்கப்பட்டு, குடிநோய்ச் சிகிச்சைக்கு இந்தியாவின் முன்னோடி நிலையங்களுள் ஒன்றானது.

குடிப்பவர்களில் பெரும்பாலோர் சிறப்புச் சிகிச்சை நிலையங்களை நாடுவதில்லை. வயிற்றுவலி, உயர் இரத்த அழுத்தம், தூக்கமின்மை, விபத்துக் காயம் ஆகியவற்றுக்காக அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வருகின்றனர். ஆகவே அங்கேயே கண்டறிந்து சுருக்கமாக அறிவுரை வழங்கும் முறையை உலக நலவாழ்வு அமைப்பு 1980-களில் உருவாக்கியது. இதற்கென 1989-இல் அவ்வமைப்பு வெளியிட்ட வினாநிரல் ஆடிட் எனப்படுகின்றது. எவ்வளவு அடிக்கடி குடிக்கின்றார், ஒருமுறையில் எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடிகின்றதா, காலையில் குடிக்க நேர்கின்றதா, பிறர் கவலை தெரிவித்தனரா என்பன போன்ற பத்து வினாக்கள் அதில் உள்ளன. மதிப்பெண் 0 முதல் 40 வரை அமையும். பொதுவான வழிகாட்டுதல் பின்வருமாறு:

* 0 - 7: மதுவின் தீமை பற்றிய பொதுவான தகவல் போதுமானது.
* 8 - 15: எளிய அறிவுரை.
* 16 - 19: சுருக்கமான ஆற்றுப்படுத்தலும் தொடர் கண்காணிப்பும்.
* 20 - 40: சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரை.

ஆற்றுப்படுத்தல் என்பது கண்டிப்பதன்று. குடியால் அவரது உடலிலும் குடும்பத்திலும் விளைந்தவற்றை அவர் முன் வைத்தல், முடிவெடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுதல், குறைப்பதற்கோ விடுவதற்கோ உள்ள வழிகளை எடுத்துக் கூறுதல், அவரால் முடியும் என்ற நம்பிக்கையை ஊட்டுதல் ஆகியவை இதன் கூறுகள் ஆகும். நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே அத்தகையவர் மருத்துவக் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும்.

கோவா மாநிலத்தில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2017-இல் வெளியான ஆய்வொன்று இத்துறையில் முக்கியமானதாகும். மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் நான்கு அமர்வுகள் வரை பேசினர். மூன்று மாதங்களுக்குப் பின், ஆற்றுப்படுத்தல் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 26 விழுக்காடாக இருந்தது. எனினும், தொடர்ந்து குடித்தவர்கள் அருந்திய அளவில் இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. பேச்சுக்குப் பயன் உண்டு, எல்லையும் உண்டு என்பதை இம்முடிவு காட்டுகின்றது. இந்தியாவில் முப்பது வயதைக் கடந்தவர்களிடம் தொற்றாநோய்களைக் கண்டறியச் சிற்றூர்களில் நலப்பணியாளர்கள் நிரப்பும் படிவத்திலும் நாள்தோறும் மது அருந்துகின்றாரா என்ற ஒரு வினா இடம்பெற்றுள்ளது.

2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசின் கடைகள் திறந்திருந்தபோதே இந்நிகழ்வு நேர்ந்தது. மலிவான சாராயத்தை நாடும் வறுமையைத் தடையாலும் நீக்க இயலவில்லை, உரிமம் பெற்ற விற்பனையாலும் நீக்க இயலவில்லை. மதுவிலக்கு வேண்டுமா என்ற விவாதம் தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் எழுகின்றது. அவ்விவாதத்தில் இராசகோபாலாச்சாரியின் பெயர் பெரும்பாலும் சட்டத்தோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகின்றது. சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பாளையத்தில் தொடங்கிய, குடிப்பவரோடும் அவர் குடும்பத்தோடும் அமர்ந்து பேசும் பணி, சட்டம் நீங்கிய பின்னும் நலவாழ்வுத் துறையில் வேறு பெயரில் தொடர்கின்றது.